பெட்டியை நாமே கட்டுவோம், அளவை நாமே சரிபார்ப்போம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் விலங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், கால்நடை அறிவியல் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும்,

உங்களில் பலர் நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்கள். சிலர் வேலூர், திருத்தணி, திருவள்ளூரிலிருந்து வந்து படிப்பவர்கள். ஆய்வகத்தில் தெலுங்கும் ஆங்கிலமும் புழங்கினாலும், நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். சுண்டெலி எப்படிக் கற்கிறது, எது அதன் கற்றலைக் கெடுக்கிறது என்ற ஆய்வை நம் ஊரில் செய்வதற்குக் கருவியின் விலை தடையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கருவியின் பெரும்பகுதியை உள்ளூரிலேயே கட்டிக்கொள்ளலாம். எந்தப் பகுதியைக் கட்டலாம், எதைக் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும், மிச்சமாகும் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று நீங்கள் ஒன்றுகூடி முடிவெடுக்க வேண்டும் எனக் கேட்டுத்தான் இந்த மடல்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு அந்நியமானதல்ல. 1954 இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை, கே. பம்பாபதி ராவ் காலத்தில் ஒப்பீட்டு உடலியங்கியலில் பெயரெடுத்தது. தேளின் நரம்பு வடத்தில் கோலின்எஸ்டரேஸ் நொதியின் செயல்பாடு பகலுக்கும் இரவுக்கும் ஏற்ப ஏறி இறங்குவதை 1960களிலேயே திருப்பதியில் அளந்தார்கள். பாறை இடுக்கில் கிடைக்கும் ஒரு விலங்கை வைத்துக்கொண்டு உலகம் கவனிக்கத் தக்க கேள்வியைக் கேட்ட துறை அது. பூச்சிக்கொல்லியும் ஈயம் போன்ற உலோகங்களும் நரம்பு மண்டலத்தை என்ன செய்கின்றன என்பது பின்னர் அந்த வளாகத்தின் நீண்ட கால அக்கறையாயிற்று. மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் நிறைந்த, பூச்சி மருந்து தெளிப்பு அன்றாட வேலையாகிவிட்ட, ஈய மின்கலத் தொழிலும் வளர்ந்திருக்கிற இந்தப் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறென்ன? ஆனால் இத்துறையின் ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஒரே வழக்கத்தைக் காண்கிறோம். மருந்து கொடுத்த விலங்கின் மூளைத் திசுவை அரைத்து நொதியின் அளவைப் பார்க்கிறோம். குறைந்திருக்கிறது என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்த அளவு நொதி குறைந்த சுண்டெலியால் புதிதாக ஒன்றைக் கற்க முடிகிறதா, கற்றதை மறுநாள் வரை வைத்திருக்க முடிகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தோட்டத்தில் மருந்தடிப்பவரின் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். வளரும் மூளையின் மீது வேதிப்பொருள்கள் ஏற்படுத்தும் விளைவைச் சோதிக்க ஓ.இ.சி.டி. அமைப்பு 2007 இல் வெளியிட்ட 426 ஆம் எண் வழிகாட்டுதலும் கற்றல், நினைவுச் சோதனைகளைக் கேட்கிறது. ஏன் செய்யவில்லை என்றால் வரும் பதில் கருவி இல்லை என்பது. வெளிநாட்டுக் கற்றல் பெட்டி ஒன்றின் விலை லட்சங்களில் போகிறது. நான்கு பெட்டி வாங்கினால் ஒரு சிறிய ஆய்வுத் திட்டத்தின் பணம் அதோடு தீர்ந்துவிடும்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? இணைவுக் கற்றல் என்பது ஒன்று நடந்தால் அடுத்து இன்னொன்று நடக்கும் என்று விலங்கு அறிந்துகொள்வது. மணியோசைக்குப் பின் உணவு வரும் என்று பாவ்லோவின் நாய் அறிந்தது. ஒரு ஒலிக்குப் பின் இனிப்பு நீர் சொட்டும் என்று சுண்டெலி அறிகிறது. எனவே கருவியின் வேலை மூன்று: ஒரு குறிப்பைத் தருவது, குறித்த நேரம் கழித்து ஒரு விளைவைத் தருவது, விலங்கு என்ன செய்தது, எப்போது செய்தது என்று பதிவது. இவற்றில் மிக நுட்பமாகத் தோன்றுவது நேரக் கணக்கு. இன்று மிக மலிவாகக் கிடைப்பதும் அதுதான். சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஆர்டுயினோ பலகையின் சிப் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. கண்ணில் காற்று ஊதப்படும் முன்பே இமைக்கச் சுண்டெலி கற்கும் கண்ணிமைப்புச் சோதனையில் குறிப்புக்கும் ஊதலுக்கும் இடையே பொதுவாக வைக்கும் இடைவெளியோ கால் வினாடி அளவு. இனிப்பு நீர்ச் சோதனையில் அது சில வினாடிகள். தேவைக்கு மிகையான துல்லியம் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆர்டுயினோ உனோ பலகையின் கடிகாரம் பீங்கான் ஒத்ததிர்வியால் ஓடுகிறது. அதில் அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம். சில வினாடி இடைவெளிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு மணி நேரப் பதிவில் பல வினாடிகள் நகர்ந்துவிடும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.எஸ்.3231 கடிகாரத் துண்டைச் சேர்த்தால் அது சரியாகும். ராஸ்பெரி பை கணினி படம்பிடிக்கச் சிறந்தது. ஆனால் அதன் இயங்குதளம் பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வதால் நுண்ணிய நேரக் கணக்கை அதனிடம் விடக் கூடாது. நேரத்தை ஆர்டுயினோவிடமும் காட்சியை ராஸ்பெரி பையிடமும் கொடுத்துவிட்டு, கேமராவின் பார்வையில் ஒரு சிறு அகச்சிவப்பு விளக்கு ஒவ்வொரு குறிப்போடும் மின்னும்படி வைத்தால் இரண்டு பதிவுகளும் பின்னர் பொருந்திவிடும். இவை யாருடைய ரகசியமும் இல்லை. சுண்டெலிக்குக் கூண்டுக்குள்ளேயே உணவு உருண்டை தந்து பதிவு செய்யும் ஃபெட்3 கருவியின் வடிவமைப்பு 2021 இலும், நடத்தைச் சோதனைகளை இயக்கும் பைகன்ட்ரோல் அமைப்பு 2022 இலும் ஈலைஃப் ஆய்விதழில் வெளியாயின. இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம். படத்தில் சுண்டெலியின் உறுப்புகளைத் தொடரும் டீப்லேப்கட் 2018 இலும், சாதாரண மடிக்கணினியிலேயே நடமாட்டத்தையும் அச்சத்தில் உறைந்து நிற்பதையும் கணிக்கும் ஈஸிட்ராக் 2019 இலும் வந்தன. இவையும் இலவசம்.

கையால் கட்டிய கருவி இரண்டாந்தரம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது; இந்தத் துறையின் வரலாறு அதற்கு நேர் எதிரானது. இன்று ஸ்கின்னர் பெட்டி என்று விலை பேசும் பொருளை, பி. எஃப். ஸ்கின்னர் 1930 வாக்கில் ஹார்வர்டில் கிடைத்த துண்டு துணுக்குகளைக் கொண்டு தன் கையால் கட்டினார். ஒவ்வொரு முறையும் கருவியை மாற்றிக் கட்டியதால்தான் அவருடைய கேள்வியும் மாறி வளர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் நம் வயல் சுண்டெலியைச் சக்கரத்தில் ஓடவிட்டு, அதன் உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரத்தை அளந்தார்கள். அந்தப் பணிக்கு உலக அளவில் மதிப்புக் கிடைத்தது. குளவிகளின் சமூக வாழ்வை ஆராய்ந்த ராகவேந்திர கடக்கர், மிகக் குறைந்த செலவில் முன்வரிசை ஆய்வு செய்வது எப்படி என்பதையே பொருளாக்கி 2021 இல் ஒரு நூல் எழுதினார். இந்திய அறிவியல் அகாதமி அதை வெளியிட்டது. நல்ல கேள்வி இருந்தால் காசு வேண்டாம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. காசு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தெளிவு நமக்கு வேண்டும். மலிவுக் கருவி கெட்டுப்போகும் இடம் மின்னணுப் பலகை அல்ல, விலங்கின் புலன்கள். கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் பஸ்ஸர் இரண்டு முதல் நான்கு கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். நம் காதுக்கு அது உரக்கக் கேட்கிறது. சுண்டெலியின் செவி கூர்மையாக இருப்பதோ பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல். நம்மால் கேட்கவே முடியாத மீயொலி வரை அது நீள்கிறது. நாம் உரத்த குறிப்பு கொடுத்ததாக நினைக்கும்போது சுண்டெலிக்கு அது மங்கலாகத்தான் கேட்டிருக்கும்; அதன்பின் கற்கவில்லை என்று அதன் மீது பழி போடுவோம். எட்டு முதல் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் வரையிலான தூய ஒலியைச் சாதாரண ட்வீட்டர் ஒலிபெருக்கியே தரும். அதைச் சுருக்காத வேவ் கோப்பாக வைத்து ஒலிக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மலிவான மின் அடாப்டர்களும் சில எல்.இ.டி. விளக்குகளும் நமக்குக் கேட்காத மீயொலியில் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். சுண்டெலிக்கு அந்த அறை ஓயாத இரைச்சல். பெட்டி கட்டும் செலவைக் குறைக்கலாம், நல்ல ஒலியளவு மானியைத் தவிர்க்கக் கூடாது. கைபேசிச் செயலி சொல்லும் டெசிபல் எண்ணை ஆய்வேட்டில் எழுதக் கூடாது. நான்கு துறைகள் சேர்ந்து, மீயொலி வரை அளக்கும் ஒரு மைக்ரோஃபோன் வாங்கினால் எல்லோருக்கும் போதும்.

பார்வையில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. சுண்டெலியின் கூம்புச் செல்கள் புற ஊதாவுக்கும் பச்சைக்கும் கூர்மையானவை. சிவப்பு விளக்கு அதற்கு ஏறக்குறைய இருட்டு. சிவப்பு எல்.இ.டி.யைக் குறிப்பாக வைத்துக் கற்றல் சோதனை செய்தால் கிடைக்கும் எண்களுக்குப் பொருளே இல்லை. அதைவிட முக்கியமானது நம் விலங்கு இல்லங்களில் பரவலாக இருக்கும் ஸ்விஸ் வெள்ளைச் சுண்டெலி. நிறமி இல்லாத அந்தக் கண்களுக்குப் பார்வை மட்டு. போதாததற்கு ஸ்விஸ் மரபில் வந்த பல வம்சங்களில் விழித்திரையை இளம் வயதிலேயே அழிக்கும் ஆர்.டி.1 என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. அத்தகைய சுண்டெலி சில வாரங்களிலேயே ஏறக்குறையக் குருடாகிவிடும். அதை நீர்த்தொட்டியில் விட்டு, சுவரில் ஒட்டிய அடையாளங்களைப் பார்த்து மறைந்த மேடையைக் கண்டுபிடி என்றால் எப்படிக் கண்டுபிடிக்கும்? மருந்து கொடுத்த குழுவில் அத்தகையவை தற்செயலாகக் கூடிவிட்டால், பூச்சிக்கொல்லி நினைவை அழித்தது என்று ஒரு பொய்யான முடிவு அச்சேறும். இந்தப் பிழையை எந்த வெளிநாட்டுப் பெட்டியும் தடுக்காது. எங்கிருந்து வந்த வம்சம் என்று கேட்டு, மரபணுச் சோதனை ஒன்றைச் செய்தால், அல்லது ஒலியையும் மணத்தையும் குறிப்பாகத் தேர்ந்துகொண்டால் தடுக்கலாம். மூப்படையும் சி57 வகைச் சுண்டெலிகளிலோ செவி முதலில் கெடும். உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைச் சில மாத வயதிலிருந்தே அவை இழக்கத் தொடங்குகின்றன. எந்த விலங்குக்கு எந்தக் குறிப்பு என்ற அறிவுக்குப் பணம் தேவையில்லை. படிப்பும் கவனமும் தேவை.

மின் அதிர்ச்சியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: அதைக் கையால் கட்டாதீர்கள். அச்சக் கற்றல் சோதனையில் பாதத்துக்குத் தருவது பொதுவாக அரை மில்லி ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம், ஓரிரு வினாடி. சுண்டெலியின் பாதம் ஈரமானாலும் காய்ந்தாலும் மின்தடை மாறும்; மின்னோட்டம் மாறக் கூடாது. கம்பிகளுக்கிடையே துருவத்தை இடைவிடாமல் மாற்றாவிட்டால் சுண்டெலி ஒரே துருவமுள்ள கம்பிகளைக் கண்டுபிடித்து அவற்றின் மேல் நின்றுகொள்ளும். தவறான கட்டுமானம் விலங்குக்குக் கொடுமை, உங்கள் மாணவருக்கு ஆபத்து, முடிவுக்கும் கேடு. அச்சக் கற்றல் உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் சான்றளித்த அதிர்ச்சிக் கருவியை வாங்குங்கள். என் கருத்தில் நம் ஊரின் பெரும்பாலான கேள்விகளுக்கு அது வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி கற்றலைக் குறைக்கிறதா என்று அறிய இனிப்பு நீர் போதும்.

இனிப்பு நீர்ப் பெட்டி எளிமையானது. ஓர் அக்ரிலிக் கூண்டு, ஒரு உலோகக் குழாய்முனை, நீரைத் திறந்து மூடும் சிறிய சோலினாய்டு வால்வு, குழாயில் நாக்குப் படுவதை உணரும் எம்.பி.ஆர்.121 தொடு சிப், ஒரு ட்வீட்டர், அகச்சிவப்புக் கேமரா. ஒலி பத்து வினாடி. அது முடியும் தறுவாயில் சர்க்கரை நீர் ஒரு சொட்டு. சில நாளில் சுண்டெலி ஒலி கேட்டதுமே, நீர் வரும் முன்பே குழாயை நக்கத் தொடங்கும். அந்த முன்நக்கலே கற்றலின் அளவு. ஒரு சொட்டு எவ்வளவு என்பதை வால்வு விற்றவர் சொல்வதை நம்பி எழுத வேண்டாம்: நூறு முறை திறந்து ஒரு குப்பியில் பிடித்துத் தராசில் எடை பார்க்கும்போது அரை கிராம் வந்தால், ஒரு சொட்டு ஏறக்குறைய ஐந்து மைக்ரோலிட்டர். இதை வாரந்தோறும் செய்ய வேண்டும், ஏனென்றால் திருப்பதி வெயிலில் சர்க்கரை நீர் குழாய்க்குள் புளித்து வால்வை அடைக்கும். எறும்பும் வரும். தினமும் மாலையில் வெந்நீர் விட்டுக் கழுவ ஒருவர் வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. வால்வு திறக்கும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். உங்கள் குறிப்பைப் பொருட்படுத்தாமல் அந்தச் சத்தத்தை மட்டுமே சுண்டெலி கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. வால்வைக் கூண்டுக்கு வெளியே பஞ்சில் பொதிந்து வைத்து, ஒரு மின்விசிறியின் சீரான இரைச்சலில் அதை மறைத்துவிட வேண்டும்.

எந்தப் பெட்டியானாலும் முடிவைக் காப்பாற்றுவது ஒப்பீட்டுக் குழு. 1967 இல் ராபர்ட் ரெஸ்கோர்லா வலியுறுத்தியதை இன்றைக்கும் பல ஆய்வுகள் கோட்டைவிடுகின்றன. ஒலியும் இனிப்பும் கிடைத்தும் அவற்றுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குழு இல்லாமல், நடந்தது கற்றல் என்று சொல்ல உரிமை இல்லை. அந்தக் குழுவும் அதே அளவு நக்கினால் அது பசி, அல்லது பரபரப்பு. பூச்சிக்கொல்லி ஆய்வில் இது இன்னும் அவசியம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தசையைத் தளர்த்தும், உமிழ்நீரைக் கூட்டும், வயிற்றைக் கெடுக்கும். நக்காத சுண்டெலி மறந்துவிட்டதா, நக்க முடியாமல் கிடக்கிறதா என்று பிரித்தறிய, குறிப்பில்லாமல் நேரடியாக இனிப்பு நீர் வைத்து எவ்வளவு குடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு இன்னும் சில கூண்டுகள்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். உங்கள் துறைக் கூட்டத்தில் இவை எழும், எழவும் வேண்டும்.

ஆளுக்கொரு பெட்டி கட்டினால் ஓர் ஆய்வகத்தின் முடிவை இன்னொன்று எப்படி நம்பும் என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஒரே நிறுவனத்தின் பெட்டியை வாங்கினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதுதான் தவறு. 1999 இல் சயின்ஸ் இதழில் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டூடெக் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாண்ட் என்ற மூன்று ஊர்களில் ஒரே மரபு வகைச் சுண்டெலிகள், ஒரே மாதிரிக் கருவி, ஒரே வயது, ஒரே நாள் தொடக்கம் என்று எல்லாவற்றையும் ஒத்திருக்கச் செய்தார்கள். அப்படியும் சில நடத்தைகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு வேறுபட்டது. பெட்டி ஒன்றாக இருந்தும் விலங்கைக் கையாளும் விதம், அறையின் மணம், இரைச்சல் எல்லாம் வேறாக இருந்திருக்கும். இதற்குப் பின் வந்த ஆய்வுகள் அதில் சிலவற்றைப் பெயர் சொல்லிக் காட்டின. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் அச்சம் கூடுகிறது, ஒரு குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தால் குறைகிறது என்று லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010 இல் காட்டினார்கள். ஆண் ஆய்வாளரின் மணமே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் தருகிறது என்று மான்ட்ரியல் குழு ஒன்று 2014 இல் எழுதியது. லட்சம் ரூபாய்ப் பெட்டியில் செய்த சோதனையைக் கெடுக்க வாலைப் பிடித்துத் தூக்கும் ஒரு கை போதும். அதைச் சரிசெய்ய ஒரு முழம் பி.வி.சி. குழாய் போதும். கட்டிய பெட்டியின் வரைபடம், நிரல், ஒலியளவு, சொட்டின் எடை, கையாளும் முறை ஆகிய அனைத்தையும் கட்டுரையோடு வெளியிட்டால், மூடிய வணிகப் பெட்டியைவிட அது நம்பகமானது. வணிகப் பெட்டிக்குள் நேரம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று வாங்கியவருக்கே தெரியாது.

ஆய்விதழ்கள் ஏற்குமா என்ற தயக்கத்துக்கு விடை முன்னமே வந்துவிட்டது. ஃபெட்3, பைகன்ட்ரோல் இரண்டும் வெளிவந்தது முன்வரிசை இதழில். அறிவியல் கருவிகளின் திறந்த வடிவமைப்புகளுக்கென்றே ஹார்ட்வேர்எக்ஸ் என்ற இதழ் 2017 முதல் வருகிறது. நம் துறையில் மின்னணு தெரிந்தவர் இல்லை என்பார்கள். ஏர்ப்பேடு அருகே ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. இரண்டும் 2015 இல் வந்தவை. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் பாலிடெக்னிக் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் திட்டப்பணிகளில் ஒரு பெட்டி உங்களுடையதாக இருக்கக் கூடாதா? பழுதுபார்ப்பும் அப்போது உள்ளூரிலேயே முடியும். வெளிநாட்டுப் பெட்டியின் ஒரு பலகை எரிந்தால் மாதக் கணக்கில் காத்திருக்கிறோம். முனைவர் பட்ட மாணவருக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது. கொள்முதல் விதிதான் உண்மையான இடையூறு: ஒரு கருவி என்ற பெயரில் பெரிய தொகையை ஒப்புதல் பெறுவது எளிது, முப்பது சில்லறை உதிரிபாகங்களுக்குக் கணக்குக் காட்டுவது கடினம். இதைத் துறைத்தலைவர்கள் திட்டக் கோரிக்கை எழுதும்போதே, நுகர்பொருள் தலைப்பில் தனித் தொகையாகக் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

கடினமான எதிர்வாதம் வேறு. கருவி மலிவானால் எல்லோரும் சுண்டெலியைத் துன்புறுத்தத் தொடங்கிவிடுவார்கள் என்பது அது. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விலை இதுவரை ஒரு வேலியாகவும் இருந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் விலை போனாலும் சட்டத்தின் வேலி இருக்கிறது: 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியக் குழுவிடம் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தக் குழுவின் பிரதிநிதி அமரும் நிறுவன நெறிமுறைக் குழு ஒவ்வொரு ஆய்வையும் ஏற்க வேண்டும். கையால் கட்டிய பெட்டியின் முழு விவரமும் அந்த விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பாடம் நடத்துவதற்காகச் சுண்டெலியைத் தொடக் கூடாது. இணைவுக் கற்றலை வகுப்பில் காட்டத் தேனீ போதும்: மணம் காட்டிச் சர்க்கரை நீர் தந்தால் அது உறிஞ்சியை நீட்டக் கற்றுக்கொள்கிறது. பழ ஈக்கள் கற்கும் என்று குவின், ஹாரிஸ், பென்சர் 1974 இலேயே காட்டிவிட்டார்கள். கைப்பழக்கத்தை அவற்றில் பெற்ற பிறகு, பாலூட்டியின் மூளை இல்லாமல் விடை கிடைக்காத கேள்விக்கு மட்டுமே சுண்டெலி. அப்போதும் நான் சொல்லும் இனிப்பு நீர்ப் பெட்டியும் குழாய்க் கையாளலும் விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் திசையில்தான் இருக்கின்றன. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959 இல் வகுத்த மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்றில் செம்மை இதுதான்.

இன்னொன்றும் சொல்வார்கள்: மலிவுக் கருவியைப் புகழ்ந்தால் அரசு, பிறகெதற்கு நிதி என்று கையை விரித்துவிடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நான் கேட்பது குறைந்த நிதியை அல்ல, நிதி சரியான இடத்துக்குப் போவதை. விலங்கு இல்லத்தின் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நம் ஊரில் மே மாதம் நாற்பதைத் தாண்டும். மின்சாரம் போன பகலில் குளிரூட்டி நின்றால் சுண்டெலிகள் வெப்பத்தில் வாடும், செத்தும் போகும். பிழைத்தவற்றின் கற்றல் அளவும் பொருளற்றுப் போகும். மாற்று மின்சாரம், பயிற்சி பெற்ற, ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் விலங்குக் காப்பாளர், மரபு தெரிந்த வம்சம், ஒலிமானி, மரபணுச் சோதனை ஆகியவற்றில் மலிவு பார்க்க முடியாது. இவற்றுக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பளபளக்கும் பெட்டி வாங்கும் வழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எனவே ஒரு வேண்டுகோள். திருப்பதியில் பதிவு பெற்ற விலங்கு இல்லம் உள்ள இரண்டு துறைகள் முன்வரட்டும். ஒரே வரைபடத்தில் தலா நான்கு இனிப்பு நீர்ப் பெட்டிகள் கட்டுங்கள். மருந்து எதுவும் கொடுக்காத, நலமான சுண்டெலிகளில் மட்டும் முதல் சோதனை நடக்கட்டும்: ஒரு குழுவுக்கு ஒலியும் இனிப்பும் இணைந்து, ஒரு குழுவுக்கு இணையாமல். ஒலியளவும் சொட்டின் எடையும் அறையின் வெப்பமும் நாள்தோறும் ஒரே படிவத்தில் பதிவாகட்டும். சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் படப்பதிவைப் பார்த்து, எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று தெரியாமலே மதிப்பிட்டு, மென்பொருளின் கணக்கோடு ஒப்பிடட்டும். இரண்டு துறைகளின் எண்களும் எவ்வளவு ஒத்தன, எங்கே விலகின என்பதை அப்படியே வெளியிடுங்கள். விலகல்தான் அடுத்து எதைச் சரிசெய்வது என்று காட்டும். கட்டும் முறையையும் கழுவும் முறையையும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி விலங்கு இல்லச் சுவரில் ஒட்டுங்கள், ஏனென்றால் தினமும் மாலையில் அந்தக் குழாயைக் கழுவப்போகிறவருக்கு உங்கள் ஆங்கிலக் கட்டுரை உதவாது. நலமான சுண்டெலிகளில் இரண்டு இடத்திலும் முடிவு நிலைத்த பிறகுதான் பூச்சிக்கொல்லிக் குழுவைத் தொடங்க வேண்டும். முதல் சோதனைக்கு முன்பே நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுதத் தொடங்க இந்தப் பருவமே ஏற்றது.

அன்புடன்,
உங்கள் பணியில் அக்கறையுள்ள ஒருவர்